அழுததுகூட அவரா?

எங்க அக்கா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கம்ப்ரஸர் மேல ஸ்க்ரூடிரைவர் முனைய வச்சு, பிடியில காத வச்சுக் கேப்பா. "உள்ள வால்வு போச்சுடா"ம்பா. பிரிச்சா போயிருக்கும். கல்யாணம் எப்போன்னு நச்சரிச்ச அத்தையையே, "தள்ளி நில்லுங்க அத்தை, கேஸ் லீக்காகுது"ன்னு தெருமுனை வரைக்கும் ஓட வச்சவ.

அவகூட பாலிடெக்னிக்ல படிச்சவன் ஒருத்தன். நாங்க வச்ச பேரு தேன்வாய். அக்காவ 'பார்ட்னர்'னுதான் கூப்பிடுவான். "பார்ட்னர், ஒரே ஒரு நிமிஷம்"னு ஆரம்பிச்சான்னா அவ்வளவுதான், மொட்டை அடிச்சுக்க வந்தவனுக்கும் சீப்பு வித்துடுவான்.

ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிச்சது ஒரு குளிர்பெட்டி கம்பெனி. காய்கறிக் கடைங்களுக்கான பெட்டி. கரண்ட் போனாலும் ஒன்பது மணி நேரம் கீரை வாடாது. நாலு வருஷமா எங்க மாடி அறையில அக்கா செஞ்சு செஞ்சு பிரிச்சது. கடை கடையா ஏறி இறங்கிப் பேசினது தேன்வாய். பங்கு பாதிப் பாதி.

பெருசா செய்யப் பணம் கேட்டுப் போனப்போ, மொத இன்வெஸ்டர் பெட்டியத் திறந்து கைய விட்டுப் பாத்தாரு. "பிரமாதம்! ஆனா பாருங்க, ஆரம்பத்துல நாங்க பெட்டிய நம்பி பணம் போடறதில்ல. ஆளுங்கள நம்பித்தான் போடறோம். விக்க இவர் இருக்கார். டெக்னாலஜிக்கு யாரு?"

அக்கா கையத் தூக்கினா.

"இல்லம்மா, நான் ரிப்பேரச் சொல்லல."

ரெண்டாவது இடத்துலயும் இதே பாட்டு. மூணாவது இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி தேன்வாய் ஒரு டாக்டர கூட்டிட்டு வந்தான். ஊசி போடற டாக்டர் இல்ல, காலேஜ்ல பாடம் நடத்தறவரு. பேருக்குப் பின்னாடி ஒரு முழத்துக்குப் பட்டம். "சும்மா ஆலோசகர், பார்ட்னர். அவருக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."

அக்கா ஒளிவுமறைவில்லாம மூணு வாரம் சொல்லிக் குடுத்தா. எங்க தோத்தோம், ஏன் தோத்தோம், எல்லாம். ஏழாவது பெட்டி ஒழுகினப்போ மொட்டைமாடியில உக்காந்து அழுததக் கூட சிரிச்சுக்கிட்டே சொன்னா. டாக்டர் "ம்... ம்... சுவாரஸ்யம்"னு மூக்குக்கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டே குறிச்சுக்கிட்டாரு.

மூணாவது இன்வெஸ்டர் ஆபீஸ்ல அக்காவுக்குக் குடுத்த இடம் பெட்டி பக்கத்துல, பிளக் பாயிண்ட்டுகிட்ட. நானும் பெட்டி தூக்கி வந்தவன் கணக்குல ஓரமா நின்னேன். திரையில 'எங்கள் நிறுவனர்கள்'னு ஒரு பக்கம் வந்துச்சு. ரெண்டு மூஞ்சி. ஒண்ணு தேன்வாய், இன்னொண்ணு டாக்டர்.

டாக்டர் ஸ்க்ரூடிரைவர எடுத்து, பிடிய கம்ப்ரஸர் மேல வச்சு, முனையக் காதுக்குக் கொண்டு போனாரு! எனக்கு சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் தொண்டையக் கனைச்சு, "ஏழாவது பெட்டி ஒழுகினப்போ... நான் மொட்டைமாடியில உக்காந்து அழுதேன்"னாரு. சிரிப்பு அங்கயே நின்னு போச்சு.

இன்வெஸ்டரா உக்காந்திருந்த அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. "இதுதான் டீம்!" பணம் போடறோம்னு அங்கயே சொல்லிட்டாங்க.

படிக்கட்டுல தேன்வாய் பின்னாடியே ஓடி வந்தான். "ஒரே ஒரு பக்கம்தானே பார்ட்னர், சும்மா ஷோ."

"சரி. அழுததுகூட அவராடா?"

அவன் குனிஞ்சு, அவுராத ஷூ லேஸ அவுத்துக் கட்ட ஆரம்பிச்சான்.

பத்து நாள் கழிச்சு ஒரு பேப்பரோட வந்தான். "இன்வெஸ்டரோட வக்கீல் கேக்கறார். பெட்டிய உருவாக்கினவங்க, டிசைன் கம்பெனிக்கே சொந்தம்னு எழுதித் தரணுமாம்."

"அதான் டாக்டர் இருக்காருல்ல?"

"அவரு மாட்டேங்கறாரு. பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சா காலேஜ் வேலை போயிடுமாம்."

அக்கா பேப்பர முழுசாப் படிச்சா. அவ பேருக்கு நேரா 'சர்வீஸ் பிரிவு தலைமை'ன்னு போட்டிருந்துச்சு. நிறுவனர்ங்கற வார்த்தை எங்கயும் இல்ல.

"கையெழுத்து வராட்டி பணம் வராது பார்ட்னர். நாம நாலு வருஷம் கஷ்டப்பட்டது மொத்தமும் போயிடும்."

"நாமளா?" பேப்பர மடிச்சு அவன் சட்டைப்பையிலயே சொருகினா. "உன் மூஞ்சியக் காட்டினா பணம் வராது, ஒளிஞ்சுக்கோன்னு நேரா சொல்லியிருக்கலாம்ல? நானே பின்னாடி நின்னு ஸ்விட்ச் போட்டிருப்பேன்டா. என்கிட்ட ஏன்டா மறைச்ச?"

அவன் கண்ணு கலங்கிடுச்சு. நெஜமாத்தான் கலங்குச்சோ என்னவோ, இப்ப எப்படித் தெரியும் எங்களுக்கு? அக்கா கையெழுத்துப் போடல. பணமும் வரல. அவனும் அதோட வரல.

பெட்டி மாடியில நிக்குது. நேத்து ஒரு காய்கறிக் கடைக்காரர் விலை கேட்டு ஃபோன் பண்ணாரு. அக்கா ஸ்பீக்கர்ல போட்டா. விலையச் சொன்னா. அதுக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியாம முழிச்சா.

"ஏம்மா, நல்லா பேசுவாரே ஒரு தம்பி, அவர் இல்லயா?"

"இல்லண்ணே."

"எப்ப வருவாரு?"

அக்கா ஃபோனையே பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் பக்கம் அவர் "அம்மா? அம்மா? லைன்ல இருக்கீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.