கெலாத்தி வாசலில் வெறுங்கால்கள்

நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவள் இல்லை. கட்டட வரைபடம் போடுகிறவள். அளந்து பார்த்ததைத்தான் எழுதுவேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வந்த பயம் போய்விட்டது, கோபம்தான் போகவில்லை.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், ஷார்ஜாவில் பழைய கல்விக்கூடங்களைப் பற்றி ஒரு கண்காட்சி. அரங்கு அமைக்கும் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது ஜார்ஜியா நாட்டின் கெலாத்தி மடம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்த நாட்டு அரசர் கட்டியது. அதோடு சேர்ந்த கல்விக்கூடத்தில் தத்துவம், வடிவியல், வானியல், இசை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்களாம். அந்த வகுப்பறையைச் சுவரோரக் கல் இருக்கைகளோடு அப்படியே செட் போட்டோம். அந்த அரசரின் கல்லறை மடத்து வாசலின் தரையிலேயே இருக்கிறது. உள்ளே வருகிற எல்லோரும் தன்னை மிதித்துக்கொண்டு போக வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆகவே எழுத்து பொறித்த அந்தக் கல்லின் படத்தை முழு அளவில் ஸ்டிக்கராக அடித்து எங்கள் ஹால் வாசலில் ஒட்டினோம்.

ஒட்டியவர் செல்வம் அண்ணன், ராமநாதபுரத்துக்காரர். சேஃப்டி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஓரத்தில் மண்டியிட்டு, கால் படாமல் ஒட்டினார்.

"மிதிக்கத்தாண்ணே வச்சிருக்கு, அந்த ராஜாவே கேட்டது" என்றேன்.

"அவரு பெரிய மனசு, கேட்டுட்டாரு. மிதிக்கிறவனுக்கு வெக்கம் வேணாமா மேடம்?"

எங்கள் மேனேஜர் சென்னைக்காரர். ஷூவோடு அதன் மேல் ஏறி நின்றார். "யோவ், ஸ்டிக்கருக்கு என்னய்யா மரியாதை? யல்லா, சீக்கிரம் வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை நண்பகல், தொழுகை இடைவேளை. வழக்கம்போல லிஸ்டில் டிக் அடித்தேன்: ஆட்கள் வெளியே, ஸ்டிக்கர் சுத்தம், ஒரே கதவு, பூட்டியாச்சு, சாவி என் பையில். சீலிங் போர்டு அறுத்த வெள்ளைத் தூள் மட்டும் உள்ளே இன்னும் பறந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஒரே வேனில் ரோலா கடைத்தெருவுக்குச் சாப்பிடப் போனோம், செல்வம் அண்ணன் எனக்கு முன் சீட்டில். இரண்டரைக்கு நானே திறந்தேன்.

ஸ்டிக்கரின் நடுவில் எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன, பல வருடம் ஜனங்கள் நடந்த மாதிரி. உள்ளே படிந்திருந்த தூளில் வெறுங்கால் தடங்கள். பெரியது, சிறியது, எல்லாம் உள்நோக்கி. ஒவ்வொரு கல் இருக்கைக்கு முன்னாலும் ஒரு ஜோடி, பாடம் கேட்க உட்கார்ந்த மாதிரி. திரும்பிப் போன தடமே இல்லை. நம்பினால் நம்புங்கள், அப்போதும் என் கை டேப்பை எடுத்து அளந்தது. ஒரு ஜோடியின் அளவு இன்னொன்றுக்கு இல்லை.

மேனேஜர் தடங்களைப் பார்த்தார், பிறகு செல்வம் அண்ணனைப் பார்த்தார். "இங்க வெறுங்காலோட திரிஞ்சது இவன் ஒருத்தன்தான்."

"சார், அண்ணன் எங்ககூட வேன்லதான் இருந்தாரு. பூட்டினது நான், சாவி என்கிட்ட. சந்தேகப்படறதுன்னா முதல்ல என்னைச் சந்தேகப்படுங்க."

"நீ இன்ஜினியர்மா, நீ எதுக்குப் பண்ணப் போற? ஓனர் கேட்டா ஒரு பேரு சொல்லணும். கலாஸ், பேச்சு முடிஞ்சது."

அளவுகளை எழுதிக் கொடுத்தேன். படிக்காமலே மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் விசா கேன்சல். கால் படவே கூடாது என்று ஒட்டிய மனிதரை, மிதித்துக் கெடுத்ததாக எழுதி ஊருக்கு அனுப்பினார்கள். ஏர்போர்ட் வண்டியில் ஏறும்போதும் அவர், "நீங்க பேசுனதே போதும் மேடம், உங்க வேலையக் கெடுத்துக்காதீங்க" என்றார். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் தடங்களைப் பற்றித்தான் துருவுகிறார்கள், அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மேனேஜரிடம் கொடுத்த தாளில் ஒரு ஜோடியை மட்டும் நான் எழுதவில்லை. அன்றைக்கு அளந்து முடித்து வெளியே வரத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தேன். கதவைத் திறந்து நான் நின்ற இடத்தில் என் ஷூத் தடம் இருந்தது. அதற்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில், விரல்கள் என் பக்கம் நீட்டியபடி இரண்டு சிறிய பாதங்கள். அவற்றைச் சுற்றித் தூள் இன்னும் அடங்கவில்லை.