ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?

டவுன்ஷிப் என்றதும் எனக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வந்தது. வரிசையாகக் குவார்ட்டர்ஸ், வாசலுக்கு வாசல் மரம். கணவர் சிரித்தார்.

"அது கம்பெனி கட்டுனது. இது கனடாவுல இருக்கு. காடும் ஏரியும்தான், நடுவுல நாலு கிராமம்."

இங்கே வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஆலையில் அவர் மெயின்டனன்ஸ் என்ஜினியர். வாரம் முழுக்க அங்கே. லீவு கிடைத்தால் நகரத்தில் ரோலா பகுதியில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வருவார். ஆலை கைமாறியதும், கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் விசா போகும். இங்கேயே பிறந்து வளர்ந்த மகளும் பெட்டி கட்ட வேண்டும். அந்தக் கனடா ஊரில் ஆள் குறைந்துவிட்டதால் வெளியிலிருந்து குடும்பங்களைச் சேர்க்கிறார்களாம். ஊர்க் கமிட்டிக்குப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் நடக்கும் என்றார்கள். எங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

இன்டர்வியூ என்றால் நமக்குத் தெரிந்தது மனப்பாடம். நான் போனைப் பார்த்துக் கேள்வி கேட்க, அவர் ஹாலில் நடந்தபடி ஒப்பித்தார். வடக்கே பாறை, தெற்கே விளைநிலம். பள்ளிக்கூடம் எந்தக் கிராமத்தில், ஐஸ் ஹாக்கி அரங்கம் எந்தக் கிராமத்தில், உறைந்த எந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள். கீழே தெருவில் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜஸ்ட் டாக் நார்மலி, அப்பா."

வீடியோவில் இருவர் வந்தார்கள். ஊர் நூலகத்தை நடத்தும் ஒரு அம்மாள், ஐஸ் அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர். நான் கேமராவில் விழாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு ஏரியைப் பற்றியும் கேட்கவில்லை. ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

இவர் முகம் மலர்ந்தது. எனக்கு ஓய்வு நேரமே கிடையாது, லீவு நாளில் கூப்பிட்டாலும் பிளான்ட்டுக்கு ஓடிவிடுவேன், விளையாட்டு, கிளப் என்று நேரத்தை வீணாக்கியதே இல்லை என்றார். அத்தனையும் சத்தியம். ஆலையில் அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்ததே அதுதான். பெரியவர் விடாமல், மீன் பிடிப்பீர்களா, நடக்கவாவது போவீர்களா என்று கேட்டார்.

"நோ சார். ஒன்லி டியூட்டி."

போதும் என்று கண்ஜாடை காட்டினேன். பாராட்டுகிறேன் என்று நினைத்து அவர் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஊரோடு கலந்து வாழும் குடும்பங்களைத் தேடுகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

"இவங்க வேலைக்கு ஆள் எடுக்குறாங்களா, விளையாட ஆள் எடுக்குறாங்களா?" என்று குதித்தார்.

எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது, கனடாக்காரர்கள் மேல் அல்ல. ஒரு பொழுதுபோக்குகூட மிச்சம் வைக்காமல் மனுஷனை உறிஞ்சிவிட்டு, கலாஸ், முடிந்தது என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டதே, அந்த ஆலையின் மேல்.

இப்போது ஹால் முழுக்க அட்டைப்பெட்டி. வேலை முடிந்த பிறகும் டியூட்டி நேரத்துக்கே எழுந்து, குளித்து, சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நேற்று பீரோவை நகர்த்தியபோது பின்னால் கேரம் போர்டு ஒன்று கிடைத்தது. மகள் சின்னவளாக இருந்தபோது வாங்கியது. இவர் அதைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு ஆட்டம் போடலாமா?"

பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்போ நான் தினம் கூப்பிட்டேன், அப்பா. நீங்கதான் டியூட்டின்னு சொன்னீங்க."