வெள்ளையடித்த கிணறு

பாசிக்காக ஒருத்தி அப்பாவோடு சண்டை போடுவாளா? நான் போட்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது கோம்பையில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இருந்த ஒரு பாசியை. உள்ளே இறங்கும் கல்படிகளில் ஏழாவது படி, வெயில் எட்டாத மூலை. அங்கே மட்டும்தான் அது இருந்தது.

ஃபிசிடென்ஸ் என்பது அதன் பேரினம். விரல்நகம் அளவுகூட உயரம் வராது. இலைகள் இரண்டே வரிசையில், கோழி இறகு போலத் தட்டையாக இருக்கும். ஒவ்வோர் இலையின் அடியும் இரண்டாகப் பிளந்து, சட்டைப்பை மாதிரி தண்டைக் கவ்வியிருக்கும். இந்தப் பையை வைத்தே பேரினத்தைச் சொல்லிவிடலாம். அந்தப் பேரினத்தில் எந்த இனம் என்று சொல்ல, எனக்கு முற்றிய வித்துப்பை வேண்டியிருந்தது. அது லேசில் வராது. ஆண் உயிரணு ஈரத்தில் நீந்திப்போய்க் கருமுட்டையைச் சேர்ந்தால்தான் உண்டு. ஐப்பசியிலிருந்து காத்துக் கிடந்தேன். தை மாதம் நூல் போன்ற காம்புகள் எழும்பின, நுனியில் பச்சை வித்துப்பைகள். முற்றினால் மூடி கழன்று சிவந்த பற்கள் தெரியும், ஒவ்வொரு பல்லும் இரண்டாகப் பிளந்து.

"முத்தட்டும்மா. நானே வந்து பாத்துட்டுச் சொல்றேன், அப்புறம் பேர் எழுதலாம்" என்றார் என் பேராசிரியர்.

சனிக்கிழமை அவர் கிணறு பார்க்க வருகிறார் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். வீரபாண்டித் திருவிழாவுக்கு விருந்தாளிகள் வந்தாலே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர் என் அப்பா.

சனிக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்திலிருந்து பேராசிரியரை அழைத்து வந்தேன். கிணற்றுப் படிகள் அத்தனையும் சுண்ணாம்பில் பளிச்சிட்டன. அப்பா இளநீரோடு நின்றார்.

"பெரிய படிப்பு படிச்சவுக வாராக. பாசியில வழுக்கிட்டா நமக்குல்ல ஆத்தா அசிங்கம்? கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு எடுத்துட்டேன்."

பேராசிரியர் இளநீரை வாங்கிக் குடித்தார். அவர் பேருந்து ஏறியதும் திரும்பி வந்து நான் கத்திய கத்தல் பக்கத்துத் தோட்டம் வரை கேட்டிருக்கும். இத்தனை மாத உழைப்பு, முட்டாள்தனம், இன்னும் என்னென்னவோ. அப்பா சுண்ணாம்புக் கையைப் பார்த்தபடியே நின்றார்.

என் ஆய்வேட்டில் 'ஃபிசிடென்ஸ், இனம் தெரியவில்லை' என்றே எழுத வேண்டியதாயிற்று. முதல் வகுப்பு கைநழுவிப் போனது.

மறுவருடத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்தபோது, கிணற்றுக்கு மறுபடி வெள்ளையடித்திருந்தார்கள். உச்சிப்படி ஒன்று மட்டும் சுண்ணாம்பு படாமல் கறுப்பாக இருந்தது. காலையிலிருந்து வெயில் காயும் படி. பாசி அங்கே வர வாய்ப்பே இல்லை. அப்பா ஒரு குடம் தண்ணீரை அதில் மெதுவாக ஊற்றினார்.

"ஏலே, அங்கன மிதிக்காத!" என்று மோட்டார் போட வந்தவரை அதட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "தெனமும் ஊத்துறேன் ஆத்தா. இன்னும் வரலையே?"

ஏழாவது படி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வரும்ப்பா" என்றேன்.