அப்பாவின் பிரஷரும் அதிமதுரக் குச்சியும்

சொந்தங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால், நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. போன மாசியில், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்காக, பௌர்ணமியன்று எரிக்கும் காமன் கம்பத்தை ஊன்றினார்கள். கூத்து வாத்தியாரான அப்பா காப்புக் கட்டிக்கொண்டார். அன்று காலை அவருடைய பிரஷர் 150.
2. ஊன்றிய ஆறாம் நாள் 170. கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். அப்பா ஒழுங்காகப் போட்டார்.
3. ஏழாம் நாள் பதுளையில் ஆயுர்வேத வைத்தியரிடம் போனோம். காரணம் தெரிந்தது.
4. அப்பா பௌர்ணமி வரை தவணை கேட்டார்.
5. பதினோராம் நாள் மாலை, காமன் பொட்டலில் பாடிக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை தொங்கிப்போனது. பேச்சும் நின்றது.
6. பௌர்ணமி அன்று காலை ஆஸ்பத்திரியில் காலமானார்.

இனி அப்பாவைப் பற்றி.

அப்பா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனை இழந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஸ்டோரு என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார். என்னைப் பதுளைக்குப் படிக்க அனுப்பினார். ஒரு நாளும் வேலைக்குப் பிந்திப் போனதில்லை, யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. குரலைக் கூத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தார். சிவன் எரித்த மன்மதனுக்காக ரதி அழும் ஒப்பாரியை எங்கள் தோட்டத்தில் அவர்தான் பாடுவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே.

ஓய்வு பெற்ற பிறகு பிரஷர் வந்தது. வந்ததும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு மாதம் சரியாக இருக்கும், அடுத்த மாதம் ஏறும், பிறகு தானாக இறங்கும். நான் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். அளவு மாறினால் காரணம் இருக்க வேண்டும் என்று பழகியவள். அளக்கும் கருவி வாங்கினேன். கொப்பியில் கட்டம் போட்டேன். உப்பு, கருவாடு, ஊறுகாய், நடை, தூக்கம், மாத்திரை, முருங்கைக்கீரை, வெள்ளைப்பூண்டு என்று பதின்மூன்று கேள்விகள். அப்பா தினமும் நிரப்பினார். மாத்திரை போட்டார். பஸ் ரோடு வரை நடந்தார். கருவாட்டை விட்டார். ஆனாலும் ஏறியது.

எனக்கு ஒரே ஒரு ஆள்மேல் சந்தேகம்.

"நீங்கதான் உப்பு அள்ளிப் போடுறீங்க" என்றேன் அம்மாவிடம்.

"நீயே வந்து ஆக்கு. ஒரு வாரம் தின்னு பாரு" என்றார் அம்மா.

இப்படி இரண்டு வருடம். கருவாட்டுச் சட்டியைக் கூட மோந்து பார்த்திருக்கிறேன்.

அந்த ஏழாம் நாள், பதுளை வைத்தியர் நாடி பார்த்தார். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொன்னார். என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவின் கன்னத்தைப் பார்த்தார்.

"வாய்ல என்னங்க?"

"ஒன்னுமில்லீங்க ஐயா. குச்சி."

"என்ன குச்சி?"

"அதிமதுரம். தொண்டைக்கு."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"கூத்து, திருவிழான்னா கணக்கில்லீங்க. சும்மா நேரத்துல தொடமாட்டேன்."

வைத்தியர் கொப்பியை மூடினார். "தொண்டைக்கு நல்லதுதான். பிரஷர்காரங்களுக்கு ஆகாது, ஏத்திவிட்டுரும். இன்னையோட விடுங்க."

வெளியே வந்ததும் கேட்டேன். "ரெண்டு வருசமா எழுதுறீங்களேப்பா, இத ஏன் எழுதல?"

"நீ கேக்கலையே பாப்பா. அது மருந்துமில்ல, சாப்பாடுமில்ல."

வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்த்தேன். அளவு ஏறிய ஒவ்வொரு மாதமும் கூத்து மாதம் அல்லது திருவிழா மாதம். கட்டம் போட்டவள் நான். பார்க்காதவளும் நான்.

குச்சிப் பொட்டலத்தை எடுத்து ஒளித்தேன். வேட்டி மடிப்பிலிருந்து இன்னும் இரண்டு விழுந்தன. வெந்நீரும் கற்கண்டும் போதும் என்றேன்.

"வெந்நீருக்கெல்லாம் ரதி அழமாட்டா பாப்பா. காப்புக் கட்டிட்டேன், இடையில எறங்க முடியாது. பௌர்ணமி வரைக்கும்தான். காமன் எரிஞ்சதும் குச்சியையும் எரிச்சிடுறேன்."

பின்பாட்டுப் பாடும் செல்லையா மாமா, அம்மாவின் தம்பி, பக்கத்தில் நின்றார். "விடுங்க மச்சான். பிரஷர் மகளுக்கு, பாட்டு நமக்கு" என்று சிரித்தார். மறுநாள் புதுப் பொட்டலம் வாங்கி வந்ததும் அவர்தான். நானும் தடுக்கவில்லை. இதை எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எழுதச் சொன்னதே மாமாதான்.

குச்சி மட்டும்தான் காரணமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அதையும் இங்கே பதிகிறேன். ஆனால் ஐந்து நாள் தவணை என்று எங்கள் அப்பா கேட்டதும், நாங்கள் கொடுத்ததும் உண்மை.

அப்பாவை வண்டியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோன லயத்து அண்ணன்மாருக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்துப் பக்கத்தில் இருந்த அத்தைமாருக்கும், கூத்தைக் குறையில்லாமல் முடித்துவைத்த தோழர்களுக்கும், உண்மையைச் சொன்ன வைத்தியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவுக்கு நன்றி போதாது. இரண்டு வருடம் உங்கள் கையைச் சந்தேகப்பட்டேன். உங்களைக் குற்றம் சொன்னபோது எல்லோரும் கேட்டார்கள், அதனால் மன்னிப்பையும் எல்லோரும் படிக்கட்டும். நீங்கள் உப்புக் கூட்டவில்லை அம்மா.

இன்றைய நிலைமை:

கொப்பியில் பதினான்காவது கேள்வி சேர்ந்திருக்கிறது: தொண்டைக்கு என்ன போடுகிறீர்கள்? கருவி எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. பிரஷர் உள்ள லயத்து ஆட்கள் காலையில் வந்து அளந்துகொள்கிறார்கள். செல்லையா மாமாவுக்கும் பிரஷர் இருப்பது போன வருடம்தான் தெரிந்தது. மாத்திரை போடுகிறார், நடக்கிறார், வைத்தியரிடமும் போகிறார்.

இந்த மாசியில் ரதியின் ஒப்பாரியை மாமா கற்கண்டை மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. மறுநாள் காலை அளந்தேன். ஏறவில்லை.