இடி இடித்தால் கழற்ற வேண்டிய ரவுட்டர்

என் மனைவி லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறாள். அவள் தூங்கி எழுந்து சமைக்கும் நேரமும், நான் கண்டி மாநகர சபையில் வேலை முடிந்து அம்பிட்டிய வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றும் நேரமும் ஒன்று. சாப்பாட்டு மேசையில் அவளுடைய கதிரைக்கு முன்னால் டெப்லட்டை நிறுத்தி, வீடியோ அழைப்பைத் திறந்துவிடுவேன். அதன் பிறகு அதிகம் கதைக்கமாட்டோம். அவள் வெங்காயம் வெட்டுவாள். நான் மறுநாள் சட்டையை ஸ்திரி போடுவேன். குழாயை மூடிவிட்டு இன்னொரு தடவை இறுக்குவாள். இங்கே இருந்தபோதும் அப்படித்தான். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் போதும்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமையில் அது கெட்டது. அவள் கத்தியோடு திரையில் உறைந்து நின்றாள். அலுமாரிக்கு மேலிருந்த ரவுட்டரில் எல்லா லைட்டும் அணைந்து, சிவப்பு மின்னி, பிறகு பச்சை வந்தது. அழைப்பைத் திரும்ப எடுத்தேன். அவள் “என்னங்க” என்பதற்குள் மறுபடியும் சிவப்பு.

ரவுட்டர் எங்களுடையதல்ல, இணைய நிறுவனம் மாத வாடகைக்குத் தந்தது. என்னால் முடிந்ததை ஒழுங்காகச் செய்தேன். வயரை மாற்றினேன். அலுமாரியிலிருந்து இறக்கி மேசையில் வைத்தேன். பின்னாலுள்ள சிறு துளைக்குள் ஊசியை அழுத்தி, புதிதாக வந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோனேன். அதற்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை, ஃபர்ம்வெயார் என்பார்களே, அதைப் புதுப்பிக்கும் பக்கத்தையும் கண்டுபிடித்தேன். அது பூட்டியிருந்தது. வாடகைப் பெட்டியின் ஃபர்ம்வெயாரை நிறுவனம் மட்டும்தான் மாற்றலாம். எந்த லைட் எதற்குப் பிறகு வந்தது என்பதை வழக்கம்போல டயரியில் எழுதினேன்.

எங்கள் வீடு பள்ளத்தில் இருப்பதால் வாசல் கேட்டடியில் மட்டுமே போனுக்கு சிக்னல் வரும். அங்கே நின்று அவளுக்கு இதையெல்லாம் வாசித்தேன்.

“உங்க டயரிய வாசிச்சுக் காட்டினா அது வெக்கப்பட்டு சரியாகிடுமா?” என்று சிரித்தாள்.

அந்தக் கிழமை முழுவதும் கேட்டடியில்தான் குடும்பம் நடந்தது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். கேஸ் சிலிண்டர் வந்ததா, வந்தது. செய்தி வாசிப்பது போல இருந்தது. போனில் சும்மா இருக்க முடிவதில்லை. கொஞ்சம் பேசாமல் நின்றால் அவள், “ஹலோ, இருக்கீங்களா?” என்பாள். இருக்கிறேன் என்று சொல்லவேண்டி வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

நிறுவனத்துக்கு அழைத்தபோது யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பிள்ளை கதைத்தாள்.

“ஐயா, உங்கட ரவுட்டர் அப்டேட் எடுக்கேக்க பாதியில நிண்டிருக்கு. திரும்பத் திரும்ப எடுக்கப் பாத்து, ஏலாமல் ஓஃப் ஆகுது. கரண்ட் போனதோ?”

“இல்ல மகள். இடி இடிச்சது. நான்தான் பிளக்கைக் கழட்டினேன்.”

“ஓம், கண்டியில எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம்” என்று சிரித்தாள். “நாளைக்குப் பின்னேரம் அப்டேட்டைத் திரும்ப அனுப்புறம். பச்சை லைட் மின்னுறது நிண்டு, அசையாமல் எரியிற வரைக்கும் தொடாதேங்கோ. இந்த முறையும் நிண்டால் பெட்டியை மாத்தத்தான் வேணும். இப்ப கையில பெட்டி இல்லை, எப்ப வருமெண்டும் சொல்லேலாது.”

முதலில் இடி இடித்த அன்று பிளக்கைக் கழற்றச் சொன்னதே என் மனைவிதான். லண்டன் சமையலறையில் நின்று நம் வீட்டு இடியைக் கேட்டு, “கழட்டுங்க, கழட்டுங்க” என்று பதறினாள். இரவு நான் இதைச் சொன்னதும் சற்று நேரம் அவளிடமிருந்து சத்தமில்லை. நான் ஹலோ சொல்லவில்லை. பிறகு, “நாளைக்கு இடிச்சா கழட்டாதீங்க. ஆனா பக்கத்துல நிக்காதீங்க” என்றாள்.

மறுநாள் அரைநாள் லீவு எடுத்தேன். பச்சை லைட் மின்னத் தொடங்கியபோது ஹந்தானை மலைப் பக்கம் இருண்டுவிட்டது. முதல் இடிக்கே பக்கத்து வீட்டு தாத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டு பிளக்குக்கும் அவர்தான் பொறுப்பு.

“தம்பி, டீவி, ரவுட்டர் எல்லாம் கழட்டியாச்சா?”

“கழட்டியாச்சு தாத்தா.”

“பிரிட்ஜ்?”

பிரிட்ஜை உண்மையாகவே கழற்றினேன். அடுத்த இடிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் கை தானாகவே ரவுட்டர் பிளக் வரைக்கும் போய்விட்டது. கையை இழுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அவளுடைய கதிரையும், மேசையில் மின்னும் அந்தச் சின்னப் பச்சையும் தெரிந்தன. பச்சை அணைந்தது. சிவப்பு வரப்போகிறது என்று நினைத்தேன். பச்சையே வந்தது. அசையாமல் நின்றது.

அழைப்பை எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வெங்காயத்தை எடுத்தாள்.

மழைக்காலம் இன்னும் முடியவில்லை. நேற்றும் இங்கே இடித்ததை எனக்கு முந்தியே அவள் கேட்டுவிட்டாள்.

“லைட் என்ன நிறம்?”

“பச்சை. அசையாம நிக்குது.”

“அப்ப கழட்டுங்க.”

கழற்றினேன். சட்டி மூடியைக் கையில் வைத்தபடி அவள் திரையில் உறைந்து, பிறகு மறைந்தாள். இடி ஹந்தானையைத் தாண்டிப் போகும்வரை பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளுடைய கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.