மூக்கம்மாள் தேர்ந்தெடுத்த ஊர்

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில், மிளகாய் விளையும் கரிசல் ஊரில் பிறந்த மூக்கம்மாள், கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். கணவன் ராஜபாண்டி பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அவளும் அதே கம்பெனியில் பீஸ் அடுக்கிக் கொடுக்கும் ஹெல்பராகச் சேர்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் சும்மா கிடந்த மிஷினில் உட்கார்ந்து தானாகவே பழகினாள். மிஷின்கள் வரிசையாக நிற்கும் அந்தத் தையல் லைனில் ஒரு டெய்லர் பிரசவத்துக்குப் போனபோது, "நான் தைக்கேன், பிடிக்கலன்னா எழுப்பி விடுங்க" என்று போய் உட்கார்ந்தவளை அதன்பிறகு யாரும் எழுப்பிவிடவில்லை.

குடியிருந்தது வீரபாண்டியில், சித்ராதேவி என்பவரின் லைன் வீட்டில். ஒரே அறை. கட்டிலுக்கு மேலே மகள் அபிராமியின் புத்தகங்கள், கீழே பாத்திரங்கள். அப்பா நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கினால் மகள் விளக்கைப் போட முடியாது. மகள் படிக்க விளக்கைப் போட்டால் அப்பா தூங்க முடியாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். ஒவ்வொரு சித்திரைக்கும் சித்ராதேவி வாடகையை ஏற்றிவிட்டு, "தண்ணி லாரிக்கு நான் குடுக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா அக்கா?" என்று வருத்தத்தோடுதான் சொல்வார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

அபிராமி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் யூனிட் மேனேஜர் செந்தில்வேல் மூக்கம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்கக்கா, ஒரு நல்ல சேதி. உங்கூருப் பக்கமே நம்ம கம்பெனி ஒரு யூனிட் போட்டிருக்குதுங்க. ஆளெல்லாம் எடுத்தாச்சு. பழகிக் குடுக்க ஒரு நல்ல சூப்பர்வைசர் வேணும். நீங்க போறீங்களா?"

சூப்பர்வைசர் என்ற சொல் காதுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. "சம்பளம் எப்பிடி சார்?"

"இங்க வாங்கறதவிட கம்மிதானுங்க. ஆனா அங்க உங்களுக்குச் சொந்த ஊடு இருக்குது. வாடகை இல்ல, தண்ணிக்குக் காசு இல்ல. செலவெல்லாம் கழிச்சுப் பாத்தீங்கன்னா கையில மிச்சந்தானுங்க."

"பாத்துட்டு வந்து சொல்லுதேன் சார்" என்றாள் மூக்கம்மாள்.

ராஜபாண்டிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "சொந்த வீட்ல காத்தாடப் படுக்கலாம்லா! இங்கன கெடந்து சாகணும்னு நமக்கென்ன தலையெழுத்தா?" என்று அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்துவிட்டான். பரீட்சை முடிந்ததும் மூவரும் ரயிலேறினார்கள்.

மூக்கம்மாளின் தம்பி இசக்கிமுத்து ஊரில்தான் இருந்தான். அவன் மனைவி பேச்சியம்மாள் அந்தப் புது யூனிட்டில் ஏற்கெனவே டெய்லர். முதல் சில நாட்கள் ராஜபாண்டி சொன்னபடியே இருந்தது. வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் கடல் பக்கத்துக் காற்று வந்தது. வேம்பாரிலிருந்து டிவிஎஸ் வண்டியில் மீன் வந்தது. திருப்பூரில் ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும் காசில் இங்கே வீடே இரண்டு வேளை சாப்பிட்டது. அபிராமி நாள் முழுக்கச் சொந்தக்காரப் பிள்ளைகளோடு அலைந்தாள்.

மூக்கம்மாள் கடைக்குப் போனாள், விசாரித்தாள், பேசினாள். அந்த ஊரில் விளைவதெல்லாம் மலிவு. வெளியிலிருந்து வருவதெல்லாம், கேஸ் முதல் சோப்பு வரை, திருப்பூர் விலைதான். ஆஸ்பத்திரிக்கோ பெரிய பள்ளிக்கூடத்துக்கோ போவதென்றால் பஸ் வேண்டும். காலையில் ஒன்று வரும், சாயங்காலம் ஒன்று வரும். விட்டால் ஆட்டோ.

"ஒனக்கு இந்தச் சம்பளம் போதுமா?" என்று பேச்சியம்மாளைக் கேட்டாள்.

"போதும் மதினி. வேலை விட்டா நேரா எங்க வீடு, எங்க அடுப்பு. முன்னால மொளகா வத்தல் கெடங்குக்கு வேலைக்குப் போயி நாளெல்லாம் தும்முவேன். இப்ப ஃபேனுக்குக் கீழ உக்காந்து தைக்கேன்." பேச்சியம்மாள் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒரே பனியனுக்கு அங்க ஒரு கூலி, இங்க ஒரு கூலியாம்லா? அது மட்டும் எனக்கு வெளங்கல" என்றாள்.

மூக்கம்மாளுக்கும் அது விளங்கவில்லை.

ஒரு நாள் அபிராமியைக் கூட்டிக்கொண்டு, பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் கிடைக்குமா என்று கேட்க டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இடம் கிடைக்கும் என்றார்கள். திரும்பும்போது பஸ் வரவில்லை. நின்று நின்று பார்த்துவிட்டு, நாலு பேரோடு ஷேர் ஆட்டோவில் ஏறி ஊர் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "ராஜபாண்டி வீட்டுக்காரியா? கொமரிப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு இந்நேரத்துக்கு எங்க போயிட்டு வாறீக?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பதில் சொல்லிவிட்டு நடந்தார்கள். அடுத்த தெருவிலும் அதே கேள்வி. வீட்டுக்குள் நுழைந்ததும் இசக்கிமுத்துவும், "அக்கா, இருட்டுற நேரத்துல புள்ளையக் கூட்டிக்கிட்டு அலையாத. நாளைக்கு நாலு பேரு பேசுவான்" என்றான்.

சரக்கு ஏற்றி அனுப்பும் ஷிப்மென்ட் நாட்களில் ஓவர்டைம் முடித்து, லைனில் உள்ள பெண்களோடு ரோட்டோரக் கடையில் உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவள் மூக்கம்மாள். திருப்பூரில் அதை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அங்கே அவள் யார் மகள், எந்தத் தெரு என்று கேட்கவும் ஆளில்லை. கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் இருந்தால் போதும். இத்தனை வருஷமும் அதை அவள் ஒரு வசதியாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் குழாயடியில் ராஜபாண்டியிடம் சொன்னாள். "நான் இங்க வரல."

"ஊரு பிடிக்கலன்னு சொல்லு."

"பிடிக்காம என்ன? வந்து இருந்துட்டுப் போகப் பிடிக்கி. பொழைக்கத்தான் பிடிக்கல. அபி இங்க படிச்சா, தெனமும் ஒரு பஸ்ஸு அவ தலையெழுத்த எழுதும்."

"அப்ப, அந்த உப்புத் தண்ணியும் ஒத்த ரூமுந்தான் நமக்குக் கதியா?"

கோபித்துக்கொண்டே ராஜபாண்டியும், யோசித்துக்கொண்டே அவளும் திருப்பூருக்குத் திரும்பினார்கள்.

ஈரோட்டில் இறங்கி கோயம்புத்தூர் பாசஞ்சரில் மாறினார்கள். ஊத்துக்குளியில் வண்டி நின்றதும் சாப்பாட்டுப் பைகளோடு பெண்கள் கும்பலாக ஏறினார்கள். எல்லார் கழுத்திலும் பனியன் கம்பெனி அட்டை. மூக்கம்மாளுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் பெயர் மயிலாள், செக்கிங் வேலை. அபிராமியின் கையிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இந்தா கண்ணு, குடி" என்று தன் தண்ணீரைக் கொடுத்தாள். அபிராமி குடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். மூக்கம்மாள் ஒரு வாய் குடித்தாள்.

"கேன் தண்ணியா?"

"இல்லீங்கக்கா, எங்கூட்டுத் தண்ணி. ஆத்துத் தண்ணிங்க, கொழாய்ல வருது."

"நாங்க வீரபாண்டில இருக்கோம். நீங்க தெனமும் ரயில்லயா வேலைக்கு வர்றீங்க?"

"ஆமாங்க. பாஸ் எடுத்து வெச்சிருக்கறனுங்க. வீரபாண்டியில இருந்து பஸ்ஸுல நீங்க வந்து சேர்ற நேரத்துல நானும் வந்துருவன். ஊட்டு வாடகையும் அங்கத்த மாதிரி இல்லீங்க."

வண்டி திருப்பூர் போய்ச் சேர்வதற்குள் மூக்கம்மாள் மயிலாளின் போன் நம்பரை வாங்கிவிட்டாள். ராஜபாண்டி ஜன்னல் பக்கம் திரும்பி, "இதெல்லாம் ஆகிற காரியமா?" என்றான். "ஆகுதா பாப்போம்" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலாள் அவர்களை ஊத்துக்குளியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். இரண்டு அறை, தனிச் சமையலறை, பின்னால் மாட்டுக் கொட்டகை. வீட்டுக்காரர் பொன்னுச்சாமி எருமை வைத்திருப்பவர், வெண்ணெய் வியாபாரம். மரியாதையாக உட்கார வைத்து மோர் கொடுத்தார். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

"எந்தூருங்க நீங்க?"

மூக்கம்மாள் சொன்னாள்.

"தெக்கயா..." என்று இழுத்தார். "அங்க நீங்க எந்த..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். என்ன கேட்க வந்தார் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. ராஜபாண்டி எழுந்திருக்கப் போனான். மூக்கம்மாள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பெரியவரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"நான் பனியன் கம்பெனில பேட்லாக் மிஷின் தைக்கிற டெய்லருங்கய்யா. இவங்க அயர்ன் மாஸ்டர். மக பிளஸ் ஒன் போறா. வாடகையை ஒண்ணாந் தேதி கையில குடுப்போம், வீட்டச் சுத்தமா வெச்சிருப்போம். இதுக்கு மேல எங்களப் பத்திச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல. மூணு மாசம் பாருங்க. பிடிக்கலன்னா நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், காலி பண்ணிருதோம்."

பொன்னுச்சாமி மயிலாளைத் திரும்பிப் பார்த்தார். மயிலாள், "நான் பொறுப்புங்க மாமா" என்றாள். கடைசியில் அவர், "செரி அம்மிணி, வெள்ளிக்கெழம வந்து பால் காச்சிருங்க" என்று எழுந்தார்.

மூக்கம்மாள் அடுத்துப் போய் நின்றது செந்தில்வேலிடம்.

"ஊருக்குப் போகல சார். இங்கனயே ஒரு லைனைக் குடுங்க, பாத்துக்கிடுதேன். ஆனா சாயங்காலம் எனக்கு ரயில் நேரத்துக்குப் போகணும்."

செந்தில்வேல் சிரித்துவிட்டார். "ஷிப்மென்ட் நேரத்துல சூப்பர்வைசரே ரயிலுக்கு ஓடினா எப்படிங்கக்கா?"

"காலை ரயில்ல எல்லாருக்கும் முன்னால வந்திருவேன். நூல், பீஸ், மிஷின் எல்லாம் ரெடியா இருந்தா லைன் பெல் அடிச்சதும் ஓடும். ஷிப்மென்ட் அன்னைக்கு இருந்து முடிச்சுக் குடுத்துட்டு இங்கயே தங்கிக்கிடுதேன். ஒரு ஆர்டர் பாருங்க, சரியா வரலன்னா பழையபடி மிஷினுக்கே போறேன்."

"அப்ப உங்கூரு யூனிட்டுக்கு யாரு போவாங்க?"

"பேச்சியம்மான்னு என் தம்பி பொண்டாட்டி அங்கயே தைக்கா. நல்ல கை. அவளையே ஆக்குங்க. ஆனா செலவு கம்மி, செலவு கம்மின்னு கூலியக் கொறைக்காதீங்க சார். பனியன் ஒண்ணுதான?"

ஒரு ஆர்டருக்கு லைன் கிடைத்தது. அது ஒழுங்காக முடிந்ததும் லைன் நிரந்தரமானது. பேச்சியம்மாளை அங்கே சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கூலியைப் பற்றி மட்டும் செந்தில்வேல் "மேல பேசறனுங்க" என்றார். இன்றுவரை மேலே பேசிக்கொண்டுதான் இருக்கிறார். மூக்கம்மாளும் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஊத்துக்குளி வாழ்க்கை எடுத்த எடுப்பிலேயே இனிக்கவில்லை. ரயில் தாமதமான நாட்களில் மூக்கம்மாள் பிளாட்பாரத்தில் நின்று பல்லைக் கடித்தாள். ராஜபாண்டிக்கு வீரபாண்டியின் டீக்கடைக் கூட்டாளிகள் இல்லாமல் ஒரு மாதம் முகமே சரியில்லை. நைட் ஷிப்ட் முடிந்து ரயிலுக்குக் காத்திருப்பதற்குப் பதில் வேலையை விட்டே நின்றுவிடலாம் என்றான். பிறகு ஊத்துக்குளி ரோட்டிலேயே ஒரு சின்ன யூனிட்டில் பகல் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பல வருஷங்களுக்குப் பிறகு அவன் ராத்திரியில் தூங்கிப் பகலில் விழித்திருந்தான். பொன்னுச்சாமியோடு எருமை பிடிக்கச் சந்தைக்கும் போக ஆரம்பித்தான். அபிராமி தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். பிளஸ் டூ முடித்து இப்போது ஈரோட்டில் கல்லூரிக்குப் போகிறாள். ஒரே ஸ்டேஷனில் அம்மா மேற்கே போகும் வண்டியிலும் மகள் கிழக்கே போகும் வண்டியிலும் ஏறுகிறார்கள்.

மூக்கம்மாளின் லைனில் வேலை செய்யும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் அட்வான்ஸ் கொடுத்தார்கள். தெற்கத்திக் குடும்பங்கள் சில, ஒடிசாக் குடும்பம் ஒன்று. "இங்க ஊடு இருக்குதுங்களா?" என்று பொன்னுச்சாமியிடமே ஆட்கள் கேட்டு வந்தார்கள். போன தை மாதம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மிணி, பக்கத்துலெல்லாம் வாடகை ஏத்திட்டாங்க. நானும் கொஞ்சம்..."

மூக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆளைக் கூட்டிட்டு வந்ததே நாந்தான். என் தலையிலயே ஏத்துதீங்களா அய்யா?"

"அதுக்கென்ன பண்றதுங்க, ஊரு நிலவரம் அப்படி ஆயிப்போச்சு" என்று அவரும் சிரித்தார்.

"சரி, ஏத்துங்க. ஆனா அபி ரூமுக்குப் பின்னால ஒரு பாத்ரூம் கட்டிக் குடுங்க. அது முடிஞ்ச மாசத்துல இருந்து புது வாடகை தாரேன்."

பொன்னுச்சாமி எருமைக் கொட்டகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மனதுக்குள் ஏதோ போட்டுப் பார்த்தார். மறுவாரமே கொத்தனார் வந்து நூல் பிடித்தார். செங்கல் இறங்கிய அன்று, இடம் சின்னதாகத் தெரிகிறது, ஒரு அடி கூட்டிக் கட்டச் சொல்லுங்கள் என்று மூக்கம்மாள் ஜன்னல் வழியாகச் சொன்னாள். கொத்தனார் பொன்னுச்சாமியைப் பார்த்தார். அவர், "அம்மிணி சொல்றபடியே போடப்பா" என்றார்.