டீ வாங்கப் போன நேரம்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நோயாளிகளின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேள்வித்தாளை வைத்துக் கேட்டுக் குறிப்பது என் வேலை. சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளி வருவார். வீங்கிய முகத்தில் கண்கள் கோடாகத் தெரியும். அன்று வலி, தூக்கம் என்று நான் கேட்ட எல்லாவற்றுக்கும் “பரவால்லிங்க” என்றார்.

“குடும்பத்துக்குப் பாரமா இருக்கோம்னு நினைக்கிறீங்களா?” என்றதும், அருகில் நின்ற மனைவியை டீ வாங்க அனுப்பினார்.

“ஆமான்னு போட்டுக்கோங்க. என்னைப் பாத்துக்கினே அவ பாதியா எளச்சிட்டா.”

வெகுநேரம் கழித்து ஆறிப்போன டீ வந்தது. அவர் தொடவில்லை.

நான் வார்டுக்கு வெளியே வந்தபோது, கூடவே வந்த அந்த அம்மா மெல்லச் சொன்னார்:

“அவருக்கு டீயே புடிக்காதுங்க. மனசுல இருக்கறத சொல்லணும்னா என்னை அனுப்பிடுவாரு. நானும் மெதுவாத்தான் வருவேன்.”